கோபன்ஹேகனா, மால்மோவா: மாசக் கடைசியில் எங்கே மிஞ்சும்?

"டென்மார்க்கில் விலைவாசி அதிகமா, சுவீடனில் அதிகமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குக் கீழே கொடுத்திருக்கும் விவரங்களைப் படித்தால் உங்களுக்குத் தெரியவேண்டியது வேறு என்று படுகிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் மாதம் 55,000 டேனிஷ் குரோனா சம்பளம், எதிர்க்கரையில் சுவீடனின் மால்மோவில் 52,000 சுவீடிஷ் குரோனா, இரண்டும் வரி பிடிப்பதற்கு முன். நான்கு வயதிலும் ஒன்றரை வயதிலும் இரண்டு குழந்தைகள். மனைவி உடனே வேலைக்குப் போகப்போவதில்லை. கையில் இந்தியப் பாஸ்போர்ட். மாசக் கடைசியில் எந்தக் கரையில் நாலு காசு மிஞ்சும், கோபன்ஹேகனில் வேலை பார்த்துக்கொண்டு மால்மோவில் குடியிருக்க முடியுமா, இதுதானே கேள்வி? வெறும் விலைவாசி என்றால் ஒரே வரியில் முடித்துவிடலாம். டென்மார்க்தான் அதிகம், சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி முடிவெடுத்து மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அதை நம்பாமல் மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் பதினோரு வருடமாகச் சம்பளக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் நிறுவனத்துக்கு இரண்டு நாட்டுக்கும் நடுவே உள்ள ஊரசுண்ட் நீரிணையின் இரண்டு பக்கமும் ஆட்கள் உண்டு. ஆகவே ஒரே வேலைக்கு டேனிஷ் சம்பளச் சீட்டும் சுவீடிஷ் சம்பளச் சீட்டும் தினமும் என் கையில் புரளும். முதல் ஆறு வருடம் மால்மோவில் குடியிருந்தேன், பிறகு கோபன்ஹேகனுக்கு மாறினேன். வரி, பிடித்தம், விடுமுறை, குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாளுக்கான சம்பளம் ஆகியவற்றில் தைரியமாகப் பேசுவேன். வாடகையைப் பற்றி நான் சொல்வது கண்ணால் பார்த்தது, தெருவுக்குத் தெரு மாறும். குடியேற்றச் சட்டம் என் துறை அல்ல. அதில் சொல்வதை முதலாளியின் வழக்கறிஞரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். வரி எண்களெல்லாம் 2025ஆம் ஆண்டு விகிதப்படி, வசதிக்காக முழு எண்ணாக்கியவை.

முதலில் எல்லாரும் செய்யும் தப்பு. 55,000, 52,000 என்று இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் சம்பளமும் பக்கத்தில் பக்கத்தில்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். டேனிஷ் குரோனாவும் சுவீடிஷ் குரோனாவும் பெயரில்தான் உறவு. டேனிஷ் குரோனா யூரோவோடு கட்டிவைக்கப்பட்டது. ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 7.46, அதைச் சுற்றியே நிற்கும். சுவீடிஷ் குரோனா தன் போக்கில் மிதக்கும். 2012, 2013 வாக்கில் ஒரு டேனிஷ் குரோனாவுக்கு 1.15 சுவீடிஷ் குரோனா கிடைத்தது. பத்து வருடம் கழித்து 2023இல் அதே டேனிஷ் குரோனாவுக்கு 1.50ஐத் தாண்டிக் கிடைத்தது. அதாவது சுவீடனில் எந்தக் கடைக்காரரும் விலையைக் குறைக்காமலேயே டென்மார்க்காரர் கண்ணுக்கு நாடே மலிவாகிவிட்டது. இனி இது எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. கீழே போடும் கணக்குக்கு ஒன்றுக்கு ஒன்றரை என்று வைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் குறைந்தாலும் முடிவு மாறாது. சுவீடிஷ் குரோனா மறுபடி 2012ஆம் வருடத்து நிலைக்குப் போனால் மால்மோ பக்கம் இன்னும் சாயும், அவ்வளவுதான்.

சம்பளத்தில் இன்னொரு கண்கட்டு வித்தை உண்டு. சுவீடனில் உங்களுக்கு 52,000 கொடுக்கும் முதலாளி, அதற்கு மேல் 31.42 சதவீதத்தைச் சமூகப் பாதுகாப்புக்கென்று தனியாக அரசுக்குக் கட்டுகிறார். அது உங்கள் சீட்டில் வராது, உங்கள் கண்ணிலேயே படாது. டென்மார்க்கில் அந்த மாதிரிப் பெரிய பங்களிப்பு கிடையாது. கிட்டத்தட்ட எல்லாமே வருமான வரியிலிருந்துதான் நடக்கிறது. அதனால்தான் டேனிஷ் சம்பளம் மேலே பார்க்க வீங்கித் தெரியும். இது மோசடி இல்லை, இரண்டு நாடும் ஒரே செலவை வேறு வேறு பையிலிருந்து எடுக்கின்றன. ஆகவே வரிக்கு முந்தைய சம்பளத்தை வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. கையில் வருவதைப் பாருங்கள்.

கையில் வருவது இப்படி. கோபன்ஹேகனில் உங்கள் 55,000இல் முதலில் 8 சதவீதம் தொழிலாளர் சந்தைப் பங்களிப்பு போகும். மீதியில் அடிப்படை விலக்குப் போக, அரசுக்கு 12 சதவீதத்துக்குச் சற்று மேல், நகராட்சிக்கு 23 சொச்சம். ஓய்வூதியத்துக்கு உங்கள் பங்காக வழக்கமான 4 சதவீதம் பிடித்தால் கையில் சுமார் 34,000 டேனிஷ் குரோனா. பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் டென்மார்க்கில் கணவன் மனைவியில் ஒருவருக்கு வருமானம் இல்லையென்றால் அவருடைய அடிப்படை விலக்கு மற்றவருக்கு வந்துசேரும். மாதத்துக்குச் சுமார் 1,500 குரோனா தேறும். முதல் வருடம் நீங்கள் எந்த மாதம் வந்தீர்கள் என்பதைப் பொறுத்துக் குறையும். ஆக 35,500. சுவீடிஷ் பணத்தில் 53,000 சொச்சம்.

மால்மோவில் நகராட்சியும் அந்த ஊர் இருக்கும் ஸ்கோனே மண்டலமும் சேர்த்து எடுக்கும் வரி 32 சதவீதத்துக்குச் சற்று மேல். வேலை செய்பவருக்கென்று ஒரு வரிக்கழிவு உண்டு, தானாகவே கழிந்துவிடும். 2025இல் ஆண்டு வருமானம் 6,43,100ஐத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு இன்னொரு 20 சதவீதம் அரசுக்கு. உங்கள் 52,000 அந்த வரப்புக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது, ஆனால் அடுத்த சம்பள உயர்விலேயே தாண்டிவிடலாம். கையில் சுமார் 39,500. சுவீடனில் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி வரிதான், 1971இலிருந்து அப்படி. மனைவி வீட்டில் இருக்கிறார் என்பதற்காக ஒரு காசு சலுகை கிடையாது.

வெளிநாட்டு நிபுணர்களுக்கான வரிச்சலுகை உங்களுக்குக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்கத்தான் போகிறார், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கில் ஏழு வருடத்துக்கு மொத்தம் 32.84 சதவீதம் மட்டும் கட்டும் திட்டம் உண்டு. 2025இல் அதற்கு மாதச் சம்பளம் 78,000 இருக்கவேண்டும். 2026இலிருந்து வரம்பைக் குறைத்தார்கள், ஆனாலும் உங்கள் 55,000 அதற்கு எட்டாது. சுவீடனில் சம்பளத்தில் கால் பங்குக்கு வரி இல்லை என்ற சலுகை ஏழு வருடத்துக்கு உண்டு. அதன் வரம்பு 2025இல் 88,000 சுவீடிஷ் குரோனாவைத் தாண்டியது. இரண்டும் உங்களுக்கு இல்லை. வரம்புக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பேரம் பேசி அதைத் தொட்டுவிட்டால் கீழே உள்ள கணக்கு தலைகீழாகிவிடும், அது வேறு கதை.

ஆக கோபன்ஹேகன் 53,000, மால்மோ 39,500. பதின்மூன்றாயிரம் அதிகம் என்று பெட்டியைக் கட்டவேண்டாம், இனிமேல்தான் வீடு வருகிறது.

கோபன்ஹேகனில் மூன்று அறை வீடு (இங்கே மூன்று அறை என்றால் கூடமும் சேர்த்துத்தான், நம் கணக்கில் இரண்டு படுக்கையறை வீடு) 16,000 டேனிஷ் குரோனாவுக்குக் கிடைத்தால் சுமாரான அதிர்ஷ்டம். ஆமாகர், வால்பி, வான்லூசே பக்கம் அப்படி. விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகையோடு வெப்பத்துக்கும் தண்ணீருக்கும் "அகோன்டோ" என்று ஒரு தொகை சேரும். அது முன்பணம் மாதிரி. வருடக் கடைசியில் மீட்டரைப் பார்த்து மீதியைக் கேட்பார்கள், அல்லது திருப்பித் தருவார்கள். 2022 குளிர்காலத்தில் எரிவாயு விலை ஏறியபோது எத்தனையோ வீடுகளில் அந்த வருடாந்திரச் சீட்டைப் பிரிக்கவே பயந்தார்கள். மால்மோவில் இதே அளவு வீடு 12,000 முதல் 13,000 சுவீடிஷ் குரோனாவுக்குக் கிடைக்கும். அதில் வெப்பமும் வெந்நீரும் பெரும்பாலும் அடக்கம். "வர்ம்ஹீரா", சூடான வாடகை என்றே அதற்குப் பெயர். கட்டடத்தின் அடித்தளத்தில் துணி துவைக்கும் அறையும் உண்டு, முறைவைத்து எல்லாரும் பயன்படுத்தலாம், தனிக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது. மின்சாரம் மட்டும் தனி. அதில் மால்மோவுக்கு ஒரு சாபம் உண்டு. சுவீடனை நான்கு மின்விலை மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அணைகளெல்லாம் வடக்கே, தெற்கே இருந்த பார்செபெக் அணு உலைகள் 1999இலும் 2005இலும் மூடப்பட்டன, எனவே தெற்கு மண்டலத்தில்தான் மின்சாரம் வழக்கமாக விலை அதிகம். குழந்தைகளோடு இருக்கும் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டுக்கு அது தலைபோகிற தொகை இல்லை. தனி வீடெடுத்து மின்சாரத்தில் சூடேற்றுபவர்கள்தான் கவலைப்படவேண்டும்.

வெப்பத்தையும் சேர்த்தால் கோபன்ஹேகன் வீடு 17,500 டேனிஷ், அதாவது 26,000 சுவீடிஷ் குரோனாவுக்கு மேல். மால்மோ வீடு 12,500. அந்தப் பதின்மூன்றாயிரம் வாசற்படியைத் தாண்டுவதற்குள் காலி.

வாடகைத் தொகையைவிட அதைப் பிடிக்கும் வழிதான் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம், விலைப்பட்டியல் எதிலும் இது வராது. டென்மார்க்கில் பணம் இருந்தால் வீடு உண்டு. சட்டப்படி வீட்டுக்காரர் மூன்று மாத வாடகை டெபாசிட்டாகவும் மூன்று மாத வாடகை முன்பணமாகவும் கேட்கலாம், பெரும்பாலோர் இரண்டையும் முழுசாகக் கேட்பார்கள். முதல் மாத வாடகையையும் சேர்த்தால் சாவி கைக்கு வருமுன் ஏழு மாத வாடகை. 16,000 வீட்டுக்கு 1,12,000 குரோனா, நம் பணத்தில் பதினான்கு லட்சத்துக்கு மேல். முன்பணம் கடைசி மூன்று மாத வாடகையில் கழியும், அது போகாது. டெபாசிட்தான் கதை. நான் ஆமாகரில் முதலில் இருந்த வீட்டைக் காலி செய்தபோது சுவரில் மூன்று ஆணி ஓட்டை. மொத்த வீட்டுக்கும் பெயிண்ட், தரைக்கு மெருகு, கதவுக்கு வார்னிஷ் என்று எழுதி டெபாசிட்டில் கால்வாசிகூடத் திரும்பவில்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இருந்தது, நான் டேனிஷ் புரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஆகவே குடிபுகுந்த பதினான்கு நாளுக்குள் வீட்டில் உள்ள கீறல், கறை எல்லாவற்றையும் படம் எடுத்து எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அந்த முகவரியில் உங்களைப் பதிவுசெய்ய வீட்டுக்காரர் சம்மதிக்கிறாரா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். முகவரி இல்லாமல் சிபிஆர் எண் (டேனிஷ் அரசு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) இல்லை, அது இல்லாமல் குழந்தைக்கு நர்சரியில் இடம் கேட்பதுகூட நடக்காது.

சுவீடனில் பணம் இருந்தாலும் வீடு இல்லை. அங்கே எல்லாம் வரிசை. ஸ்டாக்ஹோமில் நல்ல பகுதியில் நேரடி ஒப்பந்தத்தோடு வாடகை வீடு கிடைக்கப் பத்து வருடத்துக்கு மேலும் காத்திருப்பார்கள். பிள்ளைக்கு 18 வயது நிறைந்த அன்றே வரிசையில் பெயர் எழுதும் பெற்றோர் உண்டு. மால்மோவில் அவ்வளவு மோசம் இல்லை, சில வருடங்கள் என்ற கணக்கு. "பூப்ளாட்ஸ் ஸீட்" என்ற வரிசையில் நீங்கள் வந்த முதல் வாரமே சேர்ந்துவிடுங்கள். அதுவரை இரண்டாம் கை வாடகைதான், அதாவது நேரடி ஒப்பந்தமோ சொந்த வீடோ வைத்திருப்பவர் உங்களுக்கு உள்வாடகைக்கு விடுவது. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்டவேண்டும். குழந்தை பழகிய நர்சரியை விட்டு இன்னொரு பேட்டைக்கு மாறுவதன் செலவை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நான் ஆறு வருடத்தில் நான்கு வீடு மாறினேன். புதிதாகக் கட்டிய அடுக்குமாடிகளில் வரிசை குறைவு, வாடகை அதிகம். ஹில்லி பக்கம் அப்படி நிறைய இருக்கின்றன, புதிதாக வரும் குடும்பங்கள் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேருகின்றன. நான் மேலே போட்ட 12,500ஐவிட ஓராயிரம், இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுத்து அங்கே நிலையாக இருப்பது உங்களுக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது குழந்தைகள். உங்கள் விஷயத்தில் தராசு சாய்வது இங்கேதான். சுவீடனில் 2002இலிருந்து நர்சரிக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. வீட்டில் சிறிய குழந்தைக்கு வருமானத்தில் 3 சதவீதம், அடுத்ததற்கு 2 சதவீதம், அதற்கும் மேல் ஒரு வரம்பு. நீங்கள் கோடீஸ்வரராக இருந்தாலும் சிறிய குழந்தைக்கு மாதம் சுமார் 1,700 குரோனா, அடுத்ததற்கு 1,100 சொச்சம், அதற்கு மேல் கேட்கமுடியாது. டென்மார்க்கில் நகராட்சிக்கு ஆகும் செலவில் கால் பங்கு வரை பெற்றோர் தலையில் விழும். கோபன்ஹேகனில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மாதம் 4,000 டேனிஷ் குரோனாவைத் தாண்டும். இன்னொரு குழந்தைக்குப் பாதி தள்ளுபடி. இரண்டும் சேர்த்து 5,500 என்று வையுங்கள், சுவீடிஷ் பணத்தில் 8,000க்கு மேல். ஒரு சிறு குறிப்பு: சுவீடனில் தாயோ தந்தையோ வீட்டில் சும்மா இருந்தால் குழந்தைக்கு வாரம் 15 மணி நேரம்தான் இடம். மனைவி சுவீடிஷ் மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டால் படிக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். வகுப்பும் இலவசம்.

குழந்தைப் பணமும் அப்படித்தான். சுவீடனில் குழந்தைக்கு மாதம் 1,250 குரோனா, இரண்டு குழந்தை என்றால் கூடுதலாக 150. பதிவு முடிந்து விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் முழுத்தொகை வரும். டென்மார்க்கில் தொகை பெரியது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தருவார்கள். ஆனால் உங்களைப் போல வெளியிலிருந்து வருபவர் கடந்த பத்து வருடத்தில் ஆறு வருடம் அங்கே இருந்திருந்தால்தான் முழுசாக. அதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு படியாக ஏறும். முதல் வருடத்தில் அதை நம்பி எதுவும் திட்டமிடாதீர்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மால்மோவில் 39,500 வருமானம், 2,650 குழந்தைப் பணம். இதில் வீடு 12,500, நர்சரி 2,600 (உங்கள் 52,000இல் 3 சதவீதமும் 2 சதவீதமும்) போனால் கையில் 27,050. கோபன்ஹேகனில் 53,000இலிருந்து வீடு 26,000, நர்சரி 8,250 போனால் கையில் 18,750. இதிலிருந்துதான் அரிசி, பால், பஸ், உடுப்பு எல்லாம். அந்த மீதிச் சாமான்களும் டென்மார்க்கில்தான் விலை அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகக் கணக்குப்படி 2024இல் ஒன்றியத்திலேயே விலைவாசி மிக உயர்ந்த நாடு டென்மார்க், சராசரியைவிட 43 சதவீதம் கூடுதல். சுவீடனும் சராசரிக்கு மேலேதான், ஆனால் அவ்வளவு தூரத்தில் இல்லை.

சாமான் விலைக்குப் பின்னால் ஒரு எளிய காரணம் இருக்கிறது. டென்மார்க்கில் மதிப்புக்கூட்டு வரி ஒரே விகிதம், 25 சதவீதம். காருக்கும் அதுதான், காரட்டுக்கும் அதுதான். சுவீடனிலும் பொது விகிதம் 25தான், ஆனால் உணவுக்கு 2025இல் 12தான். அதையும் 2026 ஏப்ரலிலிருந்து 2027 கடைசி வரை 6 ஆக்குவதாக 2025இல் அரசு அறிவித்தது. காய்கறிக்கு மால்மோவில் முல்லவோங்கன் சந்தைதான் என் கோயில். மத்திய கிழக்கிலிருந்து வந்தவர்களின் கடைகள் வரிசையாக நிற்கும், கொத்தமல்லியைக் கட்டுக் கட்டாக வாங்கலாம், கோபன்ஹேகன் சூப்பர் மார்க்கெட்டில் அதே விலைக்கு நாலு தண்டு வைத்த பிளாஸ்டிக் டப்பா கிடைக்கும். சனிக்கிழமை ரயிலேறி வந்து பை நிறைய வாங்கிப்போகும் டேனிஷ்காரர்களைப் பார்க்கலாம். ஒரு வேடிக்கை: நார்வேக்காரர் இறைச்சி வாங்க எல்லை தாண்டிச் சுவீடனுக்கு வருவார், சுவீடன்காரர் மது வாங்க டென்மார்க்குக்குப் போவார் (சுவீடனில் 3.5 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவை வீட்டுக்கு வாங்கிப்போகப் பெரும்பாலும் அரசுக் கடைதான்), டேனிஷ்காரர் மதுவும் மிட்டாயும் வாங்க ஜெர்மனிக்குப் போவார். எல்லாருக்கும் அடுத்த வீடுதான் மலிவு.

கார் வாங்கும் எண்ணம் இருந்தால் டென்மார்க்கை மறந்துவிடுங்கள். அங்கே பதிவு வரி காரின் மதிப்பு ஏற ஏற 25, 85, 150 சதவீதம் என்று அடுக்கடுக்காக ஏறும். சுவீடனில் அப்படி ஒரு பதிவு வரி இல்லை. அதனால் சுவீடனில் வாங்கி டென்மார்க்கில் ஓட்டலாம் என்று யோசிக்காதீர்கள், டென்மார்க்கில் குடியிருப்பவர் சுவீடன் எண் பலகையோடு ஓட்டினால் பதிவு வரியும் அபராதமும் தலையில் விழும். ஆனால் கோபன்ஹேகனில் காருக்குத் தேவையும் இல்லை. முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிளில் இரண்டு குழந்தைகளையும் உட்காரவைத்து மழையில் மிதித்துப் போவார்கள். முதல் மாதம் பயமாக இருக்கும், மூன்றாவது மாதம் நீங்களும் போவீர்கள்.

மருத்துவத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டென்மார்க்கில் குடும்ப மருத்துவரைப் பார்க்கக் காசில்லை. சுவீடனில் ஒரு சிறு கட்டணம், பன்னிரண்டு மாதத்தில் இத்தனைக்கு மேல் வாங்கக்கூடாது என்ற வரம்போடு. குழந்தைகளுக்கு இரண்டு இடத்திலும் கட்டணம் இல்லை.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் விசாரிப்பதில்லை, அதில்தான் சம்பளக் கணக்குக்காரர்களுக்கு வேலை. சுவீடனில் அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஒருவர் வீட்டில் நின்றால் அரசு காப்பீட்டிலிருந்து சம்பளத்தில் ஏறக்குறைய 80 சதவீதம், ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு வரும். ஒரு குழந்தைக்கு வருடத்தில் 120 நாள் வரை எடுக்கலாம். அந்த விடுப்புக்கு "வாப்" என்று பெயர், பிப்ரவரியில் எல்லாக் குழந்தைக்கும் சளி பிடிப்பதால் அந்த மாதத்தையே "வாப்ருவாரி" என்பார்கள். டென்மார்க்கில் கூட்டு ஒப்பந்தப்படி முதல் நாள் முழுச் சம்பளத்தோடு லீவு, சில இடங்களில் இரண்டாம் நாளும். அதற்குப் பிறகு உங்கள் சொந்த விடுப்பில்தான் கைவைக்கவேண்டும். நர்சரியில் சேர்ந்த முதல் குளிர்காலம் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பள்ளிக்குப் போகும் வயதில் இன்னொரு வித்தியாசம். சுவீடனில் கட்டாயக் கல்வி வயதில் மதியம் சூடான சாப்பாடு சட்டப்படி இலவசம். டென்மார்க்கில் காலையில் டப்பா கட்டவேண்டும், "மாட்பக்கே" என்பார்கள், ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டித் துண்டுகள். காசைவிட அதில் போவது காலை இருபது நிமிடம்.

அப்படியானால் டென்மார்க் எப்போதுமே நஷ்டமா என்றால், இல்லை. மேலே போட்ட கணக்கில் கோபன்ஹேகனைக் கீழே இழுத்தவை மூன்று: ஒரே சம்பளம், சிறு குழந்தைகள், வாடகை. மனைவியும் வேலைக்குப் போனால் வாடகை மாறாமல் இன்னொரு சம்பளம் முழுசாக மேலே வந்து உட்காரும். அவருக்குக் கோபன்ஹேகனில் 38,000, மால்மோவில் 33,000 கிடைக்கிறது என்று வைத்துப் போட்டுப்பார்த்தேன். முன்பு சொன்ன 1,500 சலுகை அப்போது போய்விடும், அப்படியும் இரண்டு ஊரும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. குழந்தைகள் இருவரும் பள்ளிக்குப் போனதும் நர்சரிச் செலவு குறைந்து கோபன்ஹேகன் முந்தும். ஊருக்குப் பணம் அனுப்புவதாக இருந்தால் மிஞ்சும் தொகை ஒவ்வொன்றும் கனமான நாணயத்தில் இருப்பது தனி நன்மை. தனியாள், அல்லது குழந்தை இல்லாத தம்பதி கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கோபன்ஹேகன் என்றிருப்பேன்.

கடைசியாக, கோபன்ஹேகனில் வேலை, மால்மோவில் வீடு. 2000 ஜூலையில் ஊரசுண்ட் பாலம் திறந்ததிலிருந்து ஆயிரக்கணக்கானோர் செய்வது இதுதான். மால்மோவிலிருந்து ரயிலேறினால் நாற்பது நிமிடத்தில் கோபன்ஹேகன் மத்திய நிலையம். டேனிஷ் சம்பளம், சுவீடிஷ் வாடகை, கேட்கவே இனிக்கிறது. வருமான வரியை வேலை பார்க்கும் நாடுதான் எடுக்கும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களுக்கான விதியும் 2025 ஜனவரியில் வந்த புதிய உடன்பாட்டில் எளிதாகியிருக்கிறது. ஆனால் இது சுவீடிஷ் குடிமக்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிமக்களுக்கும் போட்ட பந்தி. இந்தியப் பாஸ்போர்ட்டில் டேனிஷ் வேலையைக் காட்டி உங்களுக்குச் சுவீடன் வசிப்பு அனுமதி தராது. டேனிஷ் அனுமதி என்பது டென்மார்க்கில் வசிப்பதற்கும் சேர்த்துத் தருவது, அதை வைத்துக்கொண்டு குடும்பத்தை மால்மோவில் வைத்தால் அனுமதியே போகலாம். "பக்கத்து ஊர்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்" என்று செய்த ஒருவரின் கடைசிச் சம்பளக் கணக்கை நான்தான் முடித்தேன். வேறு காரணத்தால் சுவீடனில் வசிக்கும் உரிமை ஏற்கனவே இருப்பவர் டென்மார்க்கில் வேலை அனுமதி மட்டும் கேட்டு வாங்கலாம். நீங்கள் அந்த நிலைக்கு வரச் சில வருடங்கள் ஆகும்.

ஆகவே உங்கள் நிலைமையில் முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு மால்மோ என்பேன், வேலை இரண்டும் உங்களுக்குச் சமமாகப் பிடித்திருந்தால். வேலையே கோபன்ஹேகனில்தான் நன்றாக இருக்கிறது என்றால், சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதைவிட டெபாசிட்டுக்கு வட்டியில்லா முன்பணமும் முதல் மூன்று மாதத்துக்குத் தங்க இடமும் கேளுங்கள். முதலாளிகள் அதை எளிதில் கொடுக்கிறார்கள். நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: உங்கள் மனைவி என்ன படித்திருக்கிறார், என்ன வேலை பார்த்தார்? கணினித் துறை என்றால் ஆங்கிலத்திலேயே சமாளிக்கலாம். செவிலியரோ ஆசிரியரோ என்றால் மொழியும் உரிமமும் வாங்கவே இரண்டு வருடம் போய்விடும். அதை எழுதுங்கள், அவருடைய சம்பளத்தையும் சேர்த்து மறுபடி ஒரு தடவை கூட்டிக் கழித்துப் பார்க்கலாம்.